மடையில் ஒன்றும் இல்லை

குளத்தில் பிள்ளைகள் சாவதற்கு அந்த ஊரில் ஒரு பருவமே உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிரம்பும். நிரம்பிய மறுவாரம் எவனாவது ஒரு பயல் ஆம்பல் பறிக்க இறங்குவான், இல்லையென்றால் புல் அறுக்கப் போன பிள்ளை கரையில் வழுக்குவாள். இரண்டு நாள் ஊரே அழும். மூன்றாம் நாள் அம்மாமார் தத்தம் பிள்ளைகளின் காதைத் திருகி, "குளத்துப் பக்கம் போனா காலை ஒடிச்சிருவேன்" என்பார்கள். அதோடு முடிந்தது. அடுத்த மழைக்கு இன்னொன்று போகும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தேன். இராஜாக்கமங்கலம் போகிற பாதையில், வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே இருந்த ஊர். என் வீட்டுக்காரர் அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியார். நான் அதே பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு டீச்சர். நான் பிறந்து வளர்ந்தது களியக்காவிளைப் பக்கம். அங்கே எங்களுக்கு ஆறுதான் எல்லாம். ஐந்து வயதில் வாழைத்தடியைக் கட்டிப்பிடிக்கச் சொல்லி, பெண்ணென்றும் ஆணென்றும் பார்க்காமல் ஆற்றில் தள்ளிவிடுவார்கள். மூக்கிலும் வாயிலும் குடித்து, இருமி, ஒரு மாதத்தில் நீந்திவிடுவோம். எங்கள் பேச்சில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். வந்த புதிதில் வகுப்பில் தாகம் எடுத்து, "ஒரு சொம்பு வெள்ளம் கொண்டு வா" என்று சொன்னேன். முன்வரிசையில் ஒருத்தி எழுந்து, "சொம்புக்குள்ள வெள்ளம் வந்துட்டா டீச்சர்? அப்ப பள்ளிக்கூடம் லீவா?" என்று கேட்டாள். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் அன்று நானும் சிரித்துவிட்டேன். அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவளுக்கு எட்டு வயது இருக்கும் அப்போது. தகப்பன் காய்ச்சலில் போய்விட்டான். அம்மாக்காரி வயல் வேலைக்குப் போய் அவளையும் அவள் அண்ணனையும் வளர்த்தாள். நான் வந்த முதல் மழையிலேயே அண்ணன் குளத்தில் போனான். மாட்டுக்குப் புல் அறுக்க இறங்கியவன், கால் வழுக்கி, கரையிலிருந்து ஆறடி தூரத்தில். வெறும் ஆறடி! கரையில் நான்கு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்களாம். ஒருத்திக்கும் நீந்தத் தெரியவில்லை. சேலையை அவிழ்த்து எறியக்கூடத் தோன்றவில்லை. நெஞ்சில் அடித்துக்கொண்டு சத்தம் போட்டார்கள். ஆள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பையனைப் பாயில் கிடத்தியிருந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பிள்ளைகளைத் தண்ணீருக்குப் பக்கத்தில் பெற்றுப் போட்டுவிட்டு, தண்ணீரைப் பார்க்காதே என்று சொல்லி வளர்க்கிறார்களே, இது என்ன புத்தி என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன். அவர் என்னைக் கத்தவிட்டார். சாந்தமான மனிதர்.

மறுவருஷம் மழைக்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே நீச்சல் சொல்லிக்கொடுப்பேன். சபையில் மூப்பர் வீட்டு அம்மாக்கள் முகத்தைச் சுளித்தார்கள். "பொட்டப்பிள்ளியளுக்கு நீச்சல் என்னத்துக்கு? தவளையா புடிக்கப் போறாளுவ?" என்றாள் ஒருத்தி. "செத்து மிதக்கதுக்குத் தவளை புடிக்கது மேலு" என்று சொல்லிவிட்டு வந்தேன். மிஷனை நடத்திய வெள்ளைக்கார மிசியம்மாளிடம் போய் அனுமதி கேட்டபோது அவர் மட்டும் நல்ல காரியம் என்றார். துவாலைகளும் கொடுத்தார்.

தடையாக நின்றது இன்னொன்று. அதுதான் மடைப்பேய்.

குளத்துக்குள், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, இரண்டு கல்தூண்கள் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் மடை. அங்கே ஒரு பேய் கிடக்கிறது, பக்கத்தில் போகிறவர்களின் காலைப் பிடித்து இழுத்துக்கொள்ளும், பிறகு விடாது என்று ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். மாடனைக் கும்பிடுகிறவர்கள் சொன்னார்கள் என்றால் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து உரக்கப் பாடுகிறவர்களும் அதையேதான் சொன்னார்கள். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் குளம் என்றாலே உதடு வெளுத்துப்போனார்கள். பயந்து உடம்பை விறைத்துக்கொண்டால் நீச்சல் வராது. அதனால் நீச்சலைச் சொல்லித் தருவதற்கு முன் பேயை ஓட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். படித்த திமிர் எனக்கு. இருபத்துநாலு வயது.

வீடு வீடாகப் போய்ப் பெற்றவர்களிடம் கேட்டேன்; அந்தப் பிள்ளையின் வீட்டுக்குக் கடைசியாகத்தான் போனேன். அம்மாக்காரி வாசலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்தாள்.

"என் பிள்ளய மட்டும் விடமாட்டேன் டீச்சரம்மா. ஒண்ண முழுங்கின கொளமாக்கும் அது."

"நீந்தத் தெரிஞ்சிருந்தா உன் மகன் இண்ணைக்கு உயிரோட இருப்பான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் முகம் செத்துப்போயிற்று. உள்ளேயிருந்து அந்தப் பிள்ளை எட்டிப் பார்த்தாள், அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சொன்னது உண்மைதானே என்று ஒரு பிடிவாதம்.

அம்மாக்காரி மறுபடி உட்கார்ந்து புளியை எடுத்துக்கொண்டு சொன்னாள். "செரி, கொண்டு போங்க. மடைப்பக்கம் மட்டும் விடாதீங்க. அங்ஙன பேயுண்டு. எங்க அப்பனுக்க காலத்துலயே ரெண்டு ஆள இழுத்திருக்கு."

"பேயுமில்ல, பிசாசுமில்ல. அங்க ஒண்ணும் இல்ல. உன் பிள்ளைய எப்படிக் கொண்டு போறேனோ அப்படியே கொண்டு தாறேன். போதுமா?"

"எனக்கு வேற ஆரும் இல்ல டீச்சரம்மா. உங்க வாக்க நம்பியாக்கும் விடுகேன்."

கார்த்திகையில் மழை விட்ட நாட்களிலெல்லாம் பள்ளிக்கூடம் விட்டதும் பத்துப் பதினொரு பெண்களைக் கூட்டிக்கொண்டு படித்துறைக்குப் போவேன். பாவாடையை நெஞ்சுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, வாழைத்தடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவர்கள் போட்ட கூப்பாடு இருக்கிறதே! கரையில் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. நானும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கழுத்தளவில் நிற்பேன். எதையும் சும்மா செய்ய விடமாட்டேன். இறங்குவதற்கு முன் குச்சியால் ஆழம் பார்க்க வேண்டும். தனியாக யாரும் இறங்கக் கூடாது, கரையில் ஒருத்தி இருக்க வேண்டும். தசை பிடித்துக்கொண்டால் மல்லாந்துவிட வேண்டும். முங்கும்போது கரையில் இருக்கிறவள் எண்ண வேண்டும், முங்கியவள் எவ்வளவு எண்ணிக்கை தாங்கினாள் என்று சொல்ல வேண்டும். எண்ணிக்கை கூடக் கூட அவர்களுக்குப் பெருமை. பயப்படாதே என்று நான் சொன்னதில்லை. பயத்தை வைத்துக்கொண்டே என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய் என்றுதான் சொன்னேன். இன்றைக்கும் அந்தப் பாடத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. குறை எனக்குத் தெரியாத இடத்தில் இருந்தது.

அந்தப் பிள்ளை மூன்று வாரத்தில் தடியை உதறிவிட்டாள். ஒரு மாதத்தில் என்னை முந்தினாள். முங்கினால் இருபத்தைந்து, முப்பது எண்ணும்வரை வரமாட்டாள். வரும்போது கை நிறையச் சேறு இருக்கும், தரையைத் தொட்டதற்குச் சாட்சி. அம்மாக்காரி தினமும் வயலிலிருந்து திரும்பும்போது கரையில் தூரமாக நின்று பார்ப்பாள். ஒரு நாள் மகள் தலையை வெளியே நீட்டி, "எம்மோ, இஞ்ச பாரு!" என்று கத்தினபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். அப்போது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவர்களை மடைக்குக் கூட்டிப்போனேன். பேயை ஓட்டுகிற நாள் அது. நான் முதலில் நீந்திப் போய்த் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஏ பேயே, வா! காலைப் பிடி பார்ப்போம்!" என்று கத்தினேன். பிள்ளைகள் கரையில் நடுங்கிக்கொண்டே சிரித்தார்கள். "முதல்ல வந்து தூணைத் தொடுகிறவளுக்குக் கிறிஸ்துமஸுக்கு மிசியம்மா பெட்டியில இருந்து பாவாடைத் துணி" என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, அந்தப் பிள்ளை குதித்துவிட்டாள். வந்து தூணைத் தொட்டாள். தொட்டது போதாதென்று கன்னத்தால் உரசினாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோரும் வந்தார்கள். இரண்டு தூண்களையும் சுற்றி ஒரே கும்மாளம்.

மடைக்காரர் கரையில் வந்து நின்றார். குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுவதும் அடைப்பதும் அவர் வேலை. ஒல்லியான, அதிகம் பேசாத ஆள். "டீச்சரம்மா, பிள்ளியள அங்ஙன கொண்டு போவாதீங்க, கேட்டேளா" என்றார்.

"ஏன், பேய் இருக்கா?" என்று தண்ணீரிலிருந்தே கேட்டுவிட்டுச் சிரித்தேன். பிள்ளைகளும் சிரித்தார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "உங்களுக்குத் தெரியாததா" என்று முனகிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கிறிஸ்துமஸுக்கு அவளுக்குச் சிவப்புச் சீட்டித் துணி கொடுத்தேன். அம்மாக்காரி கையாலேயே பாவாடை தைத்துக் கொடுத்தாள். ஊரில் அப்படிச் சிவப்பு வேறு யாரிடமும் இல்லை. வயலுக்கு அந்தப் பக்கம் நின்றால்கூட அவள் வருவது தெரியும்.

மழை அந்த வருஷம் சீக்கிரமே நின்றுவிட்டது. வயல் வெடிக்க ஆரம்பித்தது. புதுவருஷ ஆராதனை முடிந்த இரண்டாம் நாள் மடைக்காரர் மடையைத் திறந்தார். பள்ளிக்கூடம் விடுமுறை. நான் வீட்டில் முறுக்குப் பிழிந்து வைத்திருந்த டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மடை திறந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அது எனக்கு ஒரு செய்தியே அல்ல.

மடை என்றால் என்னவென்று இப்போது சொல்கிறேன். தூண்களுக்கு அடியில், குளத்தின் தரையில் பதித்த கல்லில், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு துவாரம். அதை ஒரு மரக்கட்டை அடைத்திருக்கும். கட்டையோடு சேர்ந்த கழி தூண்களுக்கு நடுவே மேலே வந்து நிற்கும். கழியைத் தூக்கினால் துவாரம் திறக்கும். தண்ணீர் கரைக்கு அடியில் கல்கட்டு வழியாகப் பாய்ந்து, அந்தப் பக்கம் வாய்க்காலில் போய் விழும். குளம் நிரம்பி நிற்கும்போது மேலே ஒரு சுழியும் தெரியாது, ஒரு சத்தமும் கேட்காது. கீழே அந்தச் சாண் அகலத் துவாரத்தில் முழுக் குளத்தின் பாரமும் இறங்கிக்கொண்டிருக்கும். நாங்கள் தூணைக் கட்டிப்பிடித்துக் கூத்தடித்த அன்று வயலில் மழைத் தண்ணீர் நின்றது, அதனால் மடை அடைத்திருந்தது. அவ்வளவுதான். ஆற்றங்கரையில் வளர்ந்த எனக்கு ஓடுகிற தண்ணீரைத் தெரியும். அசையாமல் நின்றுகொண்டே இழுக்கிற தண்ணீரைத் தெரியாது.

அந்தப் பிள்ளை அன்று காலை இரண்டு சிநேகிதிகளைக் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போனாள். நான் சொன்ன ஒன்றையும் அவள் மீறவில்லை. தனியாகப் போகவில்லை. குச்சியால் ஆழம் பார்த்தாள். இரண்டு பேரையும் கரையில் உட்கார்த்தினாள். "மடைக்குக் கீழ முங்கி மண்ணெடுத்துட்டு வாறேன், எண்ணுங்கட்டி" என்றாளாம். தூண் வரை நீந்திப் போய், மூச்சை இழுத்து, முங்கினாள்.

அவர்கள் எண்ணினார்கள். முப்பது தாண்டியது. நாற்பது தாண்டியது. இதுவரை யாரும் தாண்டாத எண்ணிக்கை. ஐம்பதில் இரண்டு பேரும் கைதட்டினார்கள். நூறு வரை எண்ணினார்கள். நூற்றுக்கு மேல் அவர்களுக்கு நான் எண்ணக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை, அதனால் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். இதை அந்த இரண்டு பிள்ளைகளும் என்னிடம் சொன்னபோது, ஒருத்தி, "அவ செயிச்சுட்டா டீச்சர், நூறு!" என்றாள். அவளுக்கு அப்போதும் விளங்கவில்லை.

கரைக்கு அந்தப் பக்கம் வயலில் பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் திடீரென்று மெலிந்ததாம். "என்னட்டி, மடைய அடைச்சிட்டானா?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். அப்போது வாய்க்காலில் ஒரு சிவப்புத் துணி மிதந்து வந்தது. அந்தப் பிள்ளையின் அம்மா களைக்கூட்டத்தில்தான் நின்றாள். அவள்தான் அதைக் குனிந்து எடுத்தாள்.

சத்தம் கேட்டு நான் ஓடிப் போனபோது அவள் கரைமேல் நின்றாள், பாவாடையைப் பிழியக்கூட இல்லாமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு. நான் நேரே தண்ணீரில் பாய்ந்தேன். மடைக்காரர் என் கொண்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார். "சவத்துக்கு மேல சவம் வேண்டாம்!" என்று கத்தினார். பிள்ளையின் கால் தொடை வரை துவாரத்துக்குள் போய் அடைத்துக்கொண்டிருந்தது. முங்கிப் போய் இழுத்துப் பார்த்தார், ஆள் மாற்றி ஆள் முங்கினார்கள், அசையவில்லை. பிறகு வாய்க்கால் பக்கம் போய், தண்ணீர் வந்து விழுகிற வாயை வைக்கோலும் மண்ணும் சாக்குமாக வைத்து அடைத்தார்கள். உள்ளே தண்ணீர் மெல்ல நிறைந்து, நிறைந்து, எதிர்த்து நின்ற பிறகுதான் பிடி விட்டது. வெயில் உச்சிக்கு ஏறி இறங்கியிருந்தது அப்போது. அவ்வளவு நேரமும் அந்த அம்மா உட்காரவில்லை. நான் மண் சுமந்தேன்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அவள் என் பக்கத்தில் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அங்க ஒண்ணும் இல்லன்னு சொன்னியளே டீச்சரம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கேட்கிற மாதிரி சொன்னாள்.



ஒரு மாதம் கழித்து மடைக்காரரின் வீட்டுக்குப் போனேன். வெட்கம் பார்க்கவில்லை, கோபத்தோடுதான் போனேன். "அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியும்லா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கொண்டு போயிருப்பேனா?" என்று கேட்டேன்.

"சொல்ல வந்தேன். நீங்க சிரிச்சிய" என்றார்.

அந்த வார்த்தைக்கு என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவர் மெதுவாகத்தான் பேசினார். "பேயில்லன்னு எனக்குத் தெரியாதா? நானாக்கும் அதத் தொறக்கவன், அடைக்கவன். மடை தொறந்திருக்கு, அடைச்சிருக்குன்னு தெனமும் பிள்ளியளுக்கு எவன் சொல்லிட்டு நடப்பான்? பேய்ன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், என்னைக்கும் ஒரு பிள்ளயும் வராது. எங்க அப்பனும் அப்படித்தான் சொன்னாரு."

அந்தப் பேய் ஒரு வேலி. நான் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் எதையும் நடவில்லை. பேய் இல்லை என்று சொன்னேன், அது சரி. ஒன்றும் இல்லை என்றும் சொன்னேன். அதுதான் அந்தப் பிள்ளையைக் கொன்றது. இதை நான் சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை. என் வீட்டுக்காரர் சாகும்வரை, "விதி" என்று சொல்லி என்னைத் தேற்றப் பார்த்தார். விதியல்ல, நான்தான்.

அன்று மடைக்காரர் எனக்கு மடையைப் பார்க்கச் சொல்லித் தந்தார். கரைமேல் ஏறினதும் முதலில் குளத்தைப் பார்க்காதே, திரும்பி வாய்க்காலைப் பார். வாய்க்கால் ஓடினால் மடை திறந்திருக்கிறது. பிறகு கழியைப் பார், ஒரு முழம் உயர்ந்து நின்றால் திறந்திருக்கிறது. இரண்டே பார்வை. ஒரு நிமிஷம் ஆகாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதைப் புரியவைக்க முடியாதா? ஒரு தடவை சொன்னால் அவள் மறந்திருக்கவே மாட்டாள். அவ்வளவு சமர்த்து.

ஊரில் என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நீக்க வேண்டும் என்றார்கள். நியாயம்தான். ஆனால் நீக்கவில்லை. எங்களை வேறு ஊருக்கு மாற்றிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் எழுதப் பார்த்தார், நான் வேண்டாம் என்றேன். நீச்சல் நின்றுபோயிற்று. பிள்ளைகள் பழையபடி குளத்தைக் கண்டு ஒதுங்கினார்கள். ஒரு வருஷத்துக்குள் புதுக் கதை வந்துவிட்டது. மடையில் இப்போது கிடப்பது பழைய பேயல்ல, சிவப்புப் பாவாடை கட்டின ஒரு பிள்ளை. துணைக்கு ஆள் இல்லாமல் அழுகிறாளாம். பக்கத்தில் போனால் காலைப் பிடித்துக்கொள்வாளாம். என் வகுப்பில் புதிதாய்ச் சேர்ந்த ஒரு சின்னப் பிள்ளை இதை என்னிடமே சொன்னாள். உயிரோடு இருந்தவரை ஒரு எறும்பைக்கூட மிதிக்காத பிள்ளை. அவளைப் பேயாக்கி நிறுத்தியிருக்கிறார்கள், நான் பிடுங்கிய வேலி இருந்த இடத்தில்.

அந்தப் பேச்சை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த மார்கழியில் மடை திறந்த அன்று என் வகுப்பை முழுதும் கரைக்குக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தேன். தண்ணீரில் இறக்க அல்ல. திறந்த மடை என்ன செய்யும் என்று கண்ணால் பார்க்கவைக்க. வைக்கோலைக் கட்டி, கல் வைத்துத் தாழ்த்திவிட்டால் போதும் என்று மடைக்காரர் சொன்னார். ஆனால் அந்த அம்மாவிடம் கேட்காமல் அந்த இடத்தில் நான் கால் வைக்க முடியாது.

அவள் வீட்டுக்குப் போனேன். ஒரு வருஷமாக அந்தத் தெருப் பக்கமே போகாமல் இருந்தவள். வாசலிலேயே நின்று, "அக்கா" என்றேன். அதுவரை அவளை அப்படி நான் கூப்பிட்டதில்லை. செய்யப்போவதைச் சொன்னேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்றுதான் அர்த்தம் என நினைத்துத் திரும்பிவிட்டேன். ஆனாலும், வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லையே என்ற தைரியத்தில், மறுநாள் காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கரைமேல் ஏறினதும் அவர்களைத் திருப்பி நிறுத்தி, வாய்க்காலைப் பார்க்கச் சொன்னேன். ஓடிக்கொண்டிருந்தது. கழியைப் பார்க்கச் சொன்னேன். உயர்ந்து நின்றது. "குளத்தைப் பாருங்க, ஏதாவது தெரியுதா?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றார்கள். நான் சொன்ன அதே வார்த்தை.

அப்போது அவள் வந்தாள். இடுப்பில் எதையோ ஒரு குழந்தையைப் போல இடுக்கிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் வந்ததும் தெரிந்தது. சிவப்புப் பாவாடை. உள்ளே வைக்கோலைத் திணித்து, மேலும் கீழும் கட்டி, தைத்திருந்தாள்.

"வெறும் வைக்கோலப் போட்டா பிள்ளியளுக்கு ஏறாது. இதப் போட்டுக் காட்டுங்க" என்று என் கையில் கொடுத்தாள்.

நான் வாங்கவில்லை. வாங்க முடியவில்லை. மடைக்காரர்தான் வாங்கினார். ஒரு கல்லைச் சேர்த்துக் கட்டி, நீண்ட மூங்கிலின் நுனியில் வைத்து, தூணுக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் மெல்ல இறக்கினார். கொஞ்ச தூரம் சிவப்பாகத் தெரிந்தது. பிறகு மூங்கில் ஒரு வெட்டு வெட்டியது. சிவப்பைக் காணோம். தண்ணீர் அப்படியே அமைதியாகக் கிடந்தது. பிள்ளைகள் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தார்கள்.

கதை சொன்ன அந்தச் சின்னப் பிள்ளை மட்டும் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அந்த அக்காவா டீச்சர் இழுத்தா?" என்று கேட்டாள்.

அந்த அம்மா குனிந்து அந்தப் பிள்ளையின் முகத்தைப் பிடித்தாள்.

"இல்ல மக்கா. எம் பிள்ள ஆரையும் இழுக்க மாட்டா. பேயும் இல்ல. தண்ணியாக்கும்."

சொல்லிவிட்டுக் கரையின் அந்தப் பக்கம் இறங்கினாள். வாய்க்காலில், தண்ணீர் வந்து விழுகிற இடத்துக்குக் கீழே, முழங்காலளவில் போய் நின்றுகொண்டு, பாவாடை வருவதற்காகக் குனிந்து காத்திருந்தாள்.